மதியத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது

டிசம்பர் 4
இன்றும் காலையில் கார் இருமிவிட்டு அணைந்துபோனது. பேருந்தில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியம் லீவு சொல்லிவிட்டு வீடு திரும்பினேன்; மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பினார். உடனே பிடித்துக்கொண்டது! "வண்டி தங்கமா இருக்கு மேடம். நீங்கதான் அவசரப்படுறீங்க."

டிசம்பர் 5
மாலை அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். விடிந்து எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை, தலைகூட வார முடியவில்லை என்கிறாள். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். அழகாக மடங்கியது. "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கம்மா."
வெளியே வந்ததும், "அடியே, என் கையே எனக்கு எதிரா சாட்சி சொல்லிடுச்சு" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். வீடு வரை விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டிசம்பர் 9
மெக்கானிக்கிடம் கத்திவிட்டேன். மதியம் மதியம்னு வந்தா எப்படித் தெரியும்? தலையைச் சொறிந்தார். "சரி, இன்னிக்கு ராத்திரி என் ஷெட்டுக்கு வெளியில நிறுத்திட்டுப் போங்க. யாரும் சாவிய தொடக் கூடாது. விடியக்காலையில நானே திருப்பிப் பாக்குறேன்."

டிசம்பர் 10
கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார். பழைய வண்டி, கம்ப்யூட்டர் கிடையாது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். காற்றின் சூட்டை உணர ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். அது நகர்த்தும் கம்பிதான் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அந்தக் கம்பி வெயில் நேர அளவிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. மதியத்தில் சரி. விடியலில் வண்டிக்குப் பட்டினி.
"நான்தான் நேரங்கெட்ட நேரத்துல பாத்துருக்கேன் மேடம்."
நேரங்கெட்ட நேரம். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ என்னையும் ராத்திரி முழுக்க வாசல்ல நிறுத்தப் போறியா?" என்றாள்.

டிசம்பர் 11
டாக்டரின் உதவியாளரிடம் கெஞ்சிக் காலை நேரம் வாங்கினேன்.

டிசம்பர் 15
இருட்டு பிரியுமுன் கிளம்பினோம். சாவியின் முதல் திருப்பிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. அக்காவின் பல் கிட்டியது; ஹீட்டரை மட்டும் போட விடவில்லை. "கை சூடாயிடும்டி. அப்புறம் அது கட்சி மாறிடும்."
டாக்டர் மடக்கச் சொன்னார். அக்கா முயன்றாள். விரல்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. கண்ணில் நீர் முட்டியது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.
அவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எப்பலேருந்து இப்படி இருக்கு? மெதுவா சொல்லுங்க."