ஜிம்மி ஏன் கடித்தான்

இன்று காலை மயக்க மருந்தை ஊசியில் இழுத்தபோது உன் ஞாபகம் வந்து கை அப்படியே நின்றுவிட்டது. பார்க்கப் பால் மாதிரி இருக்கும் அந்த மருந்தை நீ ஒரு நாளும் பேர் சொல்லிக் கேட்டதில்லை. "பாலை எடுடி" என்பாய். நீ கண்ணை மூடி நான்கு மாதம் ஆகிறது. முதலியார்பேட்டையில் நாம் சேர்ந்து ஆரம்பித்த நாய் ஆஸ்பத்திரியில் மயக்கம் உன் வேலை, கத்தி என் வேலை. இன்று கத்தியை வேறொரு டாக்டரிடம் கொடுத்துவிட்டு, நீ நிற்கும் இடத்தில் நான் நின்றேன். மேசையில் படுத்திருந்தவன் ஜிம்மி.

நீ செய்வதையே செய்தேன். முதலில் வலி மருந்தைப் போட்டு, அது பிடிக்கும் நேரத்தை வெள்ளை பிளாஸ்டர் துண்டில் எழுதி மேசை விளிம்பில் ஒட்டினேன். அந்த நேரம் வரும்வரை யாரும் கத்தியைத் தொடக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். "இந்தப் பாலு தூங்கத்தான் வைக்கும். வலிய எடுக்காது" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியாததா? ஒரே வகுப்பில் படித்தவர்கள்தானே நாம். எனக்கு இல்லாமல் போனது பொறுமை.

ஆறு வருடத்துக்கு முன்னால் காலாப்பட்டிலிருந்து மீன் விற்கும் அஞ்சலை ஜிம்மியை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ் ஏறிப் பின்னங்கால் கூழாகியிருந்தது. காலை எடுத்தாக வேண்டும். பத்து மணிக்குக் கரண்ட் போகும் என்று அறிவித்திருந்தார்கள். நீ வலி மருந்தைப் போட்டு, நேரத்தை எழுதி ஒட்டிவிட்டு, டிரிப்பைச் சரிசெய்யத் திரும்பினாய். அதற்குள் நானே பாலை ஏற்றிவிட்டேன். ஜிம்மி சாய்ந்தான். நான் கத்தியை எடுத்தேன்.

"ஏய், இருடி! இன்னும் பத்து நிமிஷம் இருக்குது."

"கரண்ட் போய்ட்டா டார்ச் அடிச்சா தைக்கிறது? அசையாமதான கெடக்குது."

நீ அவன் தொடையின் உள்பக்கத்தில் இரண்டு விரலை வைத்தாய். "அசையலதான். நாடி ஏறுது பாரு, உள்ள வலிக்குது அதுக்கு. நிறுத்துடி."

"நாடிய நீ பாரு. கால நான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அறுத்துக்கொண்டே போனேன். எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். பத்து மணிக்குள் தையல் முடிந்ததைப் பெருமையாகக்கூட நினைத்தேன்.

மருந்து பிடிப்பதற்குள் வலி உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டது. ஜிம்மி ஊளையிட்டுக்கொண்டே விழித்தான். அஞ்சலை ஓடிப்போய் அவன் தலையைப் பிடித்தாள். அவள் வலது கைக் கட்டைவிரலை எலும்புவரை கடித்தான். ரத்தம் சொட்டச் சொட்ட அவள் கையைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு வருஷமா இந்தக் கையாலதான சோறு போட்டேன். என்னையே கடிக்குதே, ஏன் டாக்டரம்மா?"

நான் சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கும். "கால எடுத்தா சில நாய்ங்களுக்குக் கொணம் மாறிடும்மா." அவள் நம்பிவிட்டாள். இனிமேல் இது என் நாய் இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அழுதுகொண்டே போனாள். ஜிம்மியை நீ உன் வீட்டுக்குக் கூட்டிப்போனாய்.

அன்று சாயங்காலம் கை கழுவும்போது நீ சொன்னாய்: "நெசத்த நீதான் போய்ச் சொல்லணும். நான் சொன்னா அது கோள்." சொல்கிறேன் என்றேன். மறு வருடம் கேட்டாய், சொல்கிறேன் என்றேன். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாய். காலாப்பட்டு வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த மீன்கடை வந்ததும் தலையை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். கோழை நான்.

உனக்குப் பிறகு ஜிம்மி என் வீட்டுக்கு வந்தான். நான் உள்ளே நுழைந்தால் மூன்று காலில் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவான். போன வாரம்தான் அவன் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது.

இன்று வயிற்றைத் திறந்தபோது அவன் தொடையில் என் விரல் இருந்தது. நாடி ஏறவே இல்லை. உன்னிடம் சொல்ல வாயெடுத்துவிட்டேன். ஆனால் கட்டி ஈரல் முழுக்கப் பரவியிருந்தது. அவனை எழுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தோம். வலி தெரியாமல் போனான்.

மத்தியானம் காலாப்பட்டுக்குப் போனேன். அஞ்சலை சங்கரா மீனைச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டைவிரல் மடங்குவதில்லை, மற்ற நான்கு விரலால்தான் கத்தியைப் பிடிக்கிறாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அப்போ வலி தாங்காமதான் கடிச்சுதா? என் மேல வெறுப்பு இல்லியா?"

"இல்லம்மா. தப்பு என்னுது. பொய் சொன்னதும் நான்தான்."

அவள் முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவேன்? அவசரமாகக் கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இப்ப எங்க இருக்குது? உங்க வண்டிலயே வரேன், ஒரு வாட்டி பாத்துட்டு வந்துடுறேன்."

"காலையிலதாம்மா போச்சு."

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"நேத்து வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் கேட்டது ஒரு நாள். என்னிடம் ஆறு வருடம் இருந்தது.