அம்முலு சொன்ன பதில்

உத்திரமேரூர்
புதன்கிழமை

பிரபாவின் அப்பாவுக்கு ஆதிலட்சுமி எழுதிக்கொண்டது. நானும் பிரபாவும் ஏதோ இருக்கிறோம். ஜெயிலில் உங்களுக்குத் தூக்கம் வருகிறதா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கவலையாகவே இருக்கிறது.

ஏரிப் பக்கத்து நிலத்தை இந்தப் போகம் யாரும் குத்தகைக்குக் கேட்கவில்லை. கோரை மண்டிக் கிடக்கிறது. பிரபா பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிட்டு சைக்கிளில் போகிறாள். இருசப்பன் மகள் ஏஞ்சலும் அதே பஸ்தானே.

உங்கள் கடிதம் வந்தது. அங்கே வகுப்பெடுக்கிற மனநல ஆலோசகர் சொன்னாராமே, எதிர்பார்த்தது கைக்கு வராமல் போனால் அந்த ஏமாற்றம் கோபமாக மாறும், தடுத்தவர்மேல் காட்ட முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர்மேல் பாயும் என்று. அதைக் கேட்டதும் பாரம் இறங்கிவிட்டது, நான் கெட்டவன் இல்லை என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை இருசப்பன் பெண்டாட்டி அம்முலுவிடம் எடுத்துச் சொல்லி, மனசு இளகச் செய்யச் சொல்லியிருந்தீர்கள்.

போனேன். எந்த முகத்தோடு போனேன் என்று கேட்காதீர்கள். அவள் உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்துக் கிடந்தது, மழை பிடித்துக்கொண்டது, குவியல் முளைவிட்டது, ஈரப்பதம் அதிகம் என்று திருப்பி அனுப்பியது எல்லாம் சொன்னேன். அந்த வயிற்றெரிச்சலில்தான், தார்ப்பாயை ஒழுங்காக மூடவில்லை என்று இருசப்பனை நம் களத்தில் மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டீர்கள், சாகடிக்க நினைத்து அடிக்கவில்லை என்றேன். இதற்கெல்லாம் படித்தவர்கள் காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

அம்முலு கத்தவில்லை. எங்க கூலி நெல்லும் அந்தக் குவியல்லதான கெடந்துச்சி, எங்க வூட்டுக்காரும்தான மழையில நனைஞ்சிக்கினு காவல் இருந்துச்சி, எல்லாம் முளைச்சிப் பூட்ச்சின்னு அதுக்கும்தான் வயிறு எரிஞ்சிது, அது யாரை அடிச்சிது என்று கேட்டாள். உங்களுக்குப் பதில் தெரிந்தால் அவளுக்கே எழுதுங்கள்.

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நெல்லைத் திருப்பின அன்று நானும் அங்கேதான் இருந்தேன். கொள்முதல் நிலையத்து ஆளிடம் கையைக் கட்டிக்கொண்டு சரி சார், சரி சார் என்றீர்கள். லாரிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினதற்கும் சிரித்தீர்கள். உங்கள் கோபத்துக்கு ஆள் பார்க்கத் தெரிந்திருக்கிறது. யார் திருப்பி அடிக்க மாட்டார்களோ அங்கேதான் கை ஓங்குகிறது. என் முதுகுக்கும் அது தெரியும்.

வழக்கு அடுத்த மாதம். சோற்றுத் தூக்கோடு களத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு, அவன் வந்துவிடுவான் என்கிறார் உங்கள் அண்ணன். வந்தால்? அடுத்த போகத்திலும் மழை பெய்யும். பிரபாவும் வளர்ந்துவிட்டாள்.

பார்த்ததைப் பார்த்தபடி சொல்லப்போகிறேன். அதனால் அம்முலுவுக்குப் புருஷன் கிடைக்கப்போவதில்லை. எனக்கும்தான். நல்லது என்று எதுவும் இதில் மிச்சமில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கோர்ட்டில் என்னைப் பார்த்ததும் முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதீர்கள். உங்களைப் பார்த்துத்தான் நான் சொல்ல வேண்டும். வேறு யாரைப் பார்த்தாலும் எனக்கு நா எழாது.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியாக இருக்கிற
ஆதிலட்சுமி