சிப்பாய் யார் நாய்?

ஞாயிறு, மார்ச் 9, 1952

காலையிலேயே வெயில். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். இதைப் படிக்கப்போகிறவன் நான் ஒருவன்தான். ஆகவே என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். ‘ழ’ இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஒரு வரி முடிப்பதற்குள் கை வலிக்கிறது. அறுபது வயது தாண்டிக் கற்ற எழுத்து இப்படித்தான் இருக்கும்.

ஆனால் என்ன சுகம்! வாயால் திட்டினால் சண்டை. எழுதித் திட்டினால் ஒருவருக்கும் தெரியாது. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் சின்ன வயதிலேயே படித்திருப்பேன்.

இன்று: வேட்டி துவைத்தது. ஊதா மை ஒரு புட்டி. சங்கத்தில் ஞாயிறு எழுத்து வகுப்பு. பிறகு நோட்டீஸ்.

நோட்டீஸ் எங்கள் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன் நடைபாதையில், மளிகைக் கடைத் தூணில் ஒட்டியிருந்தது. நான்கு மொழி. தமிழ் கடைசியில். கூட்டம் நின்றது. நான் உரக்கப் படித்தேன். நாய் வைத்திருப்பவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். கழுத்தில் பட்டை வேண்டும். தெருவில் அவிழ்த்துவிடக் கூடாது. ஆளில்லாத நாயை வண்டி வந்து பிடித்துப் போகும். ‘உரிமையாளர்’ என்ற சொல்லை மூன்று தடவை முட்டி மோதிக் கடந்தேன். முடித்துத் திரும்பினால் பின்னால் ஒருவரும் இல்லை.

சிப்பாய் மட்டும் இருந்தது. செம்பட்டை நாய், ஒரு காது பாதி. பெயர் வைத்தவன் மளிகைக் கடைச் சொக்கலிங்கம். வருகிற வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் “ராத்திரிக் காவலுக்கு நம்ம சிப்பாய் இருக்கான்” என்று பெருமை பேசுவான். இன்று கேட்டேன்.

“என்ன முதலாளி, உங்க நாய்க்குப் பட்டை வாங்கலியா?”

“யார் நாய்? தெருவுல போற நாய்க்கெல்லாம் நானா லைசென்ஸ் எடுக்கணும்?”

பால்கார ராமையாவிடம் கேட்டேன். தினமும் அவன் சைக்கிளுக்கு முன்னால் ஓடி மற்ற நாய்களை விரட்டுவது இதே சிப்பாய்தான்.

“அதுவா வருது பெரியவரே. நானா கூப்பிட்டேன்?”

இருவரும் இப்படிப் பேசும்போது நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் மானம் இல்லை. எனக்கு நாய் பிடிக்காது. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

இனி சொக்கலிங்கத்தை ‘சொ.’ என்றே எழுதுவேன். முழுப் பெயருக்கு மை வீண்.

செவ்வாய், மார்ச் 11

மழை. துவைத்த துணி காயவில்லை.

நாய் வண்டி அடுத்த சந்துக்கு வந்துவிட்டதாகச் செய்தி. தன் கடை வாசலில் நாய் படுத்திருந்தால் தன் தலையில் கட்டிவிடுவார்கள் என்று சொ.வுக்குப் பயம். தானே பிடித்துக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தான். ஒரு கையில் பிஸ்கோத்து, மறு கையில் அரிசிச் சாக்கு. “வாடா ராஜா, வா.” ராஜா வந்தது. சாக்கைக் கவிழ்த்தான். கடித்துவிட்டது. இடது கை, கட்டை விரலுக்குக் கீழே.

நாய் ஃபேரர் பார்க் திடல் பக்கம் ஓட்டம். சொ. ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சிரித்ததில் மூக்கு வழியாக வந்தது.

புதன், மார்ச் 12

வானம் தெளிவு. இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. விரல் முழுக்க ஊதா.

குழாயடியில் நின்றபோது காதில் விழுந்தது. சொ., ராமையாவிடம்:

“நாயைப் புடிச்சுக் கட்டிப்போட்டு பத்து நாள் பாக்கணுமாம்லா. அது நல்லா இருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. நாய் கெடைக்கலன்னா, வெறி புடிச்ச நாய்னுதான் வச்சுக்கணுமாம். வயித்துல ஊசி போடுவாங்களாம். தெனம் ஒண்ணு.”

“எத்தன நாளைக்கு முதலாளி?”

“கேக்கப் பயமா இருந்துச்சு.”

அதற்கப்புறம் சந்து முழுக்க “சிப்பாய்! சிப்பாய்!” கடையைப் பெண்டாட்டி பார்க்க, இவன் கட்டுப் போட்ட கையோடு சாக்கடையெல்லாம் எட்டிப் பார்க்கிறான். ஞாயிறன்று ‘யார் நாய்’. இன்று பெயர் ஞாபகம் வந்துவிட்டது.

ஃபேரர் பார்க் திடலுக்கு ஓடினான். நானும் போனேன், வேடிக்கை பார்க்க. அங்கே நாய் வண்டி. கூண்டுக்குள் சிப்பாய், கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு.

“ஐயா, அதைக் கொன்னுடாதீங்க!” என்று சொ. வண்டிச் சக்கரத்தருகே உட்கார்ந்துவிட்டான்.

நாய் பிடிப்பவர் தமிழர். மாரிமுத்து என்று பெயர். காக்கிக் கால்சட்டை. அவசரமில்லாத ஆள்.

“உங்க நாயா?”

சொ. எழுந்து தூசி தட்டினான்.

“இல்ல, கடிச்ச நாய்.”

“கடிச்ச நாயைக் கொல்ல மாட்டோம். கட்டி வச்சுப் பாக்கணும். வீட்டுலயே வச்சுப் பாக்குறதுன்னா பொறுப்புக்கு ஒரு ஆள் வேணும். அவர் பேர்ல லைசென்ஸ். மறுபடி யாரையாச்சும் கடிச்சா அவர்தான் பதில் சொல்லணும். கையெழுத்துப் போடுறீங்களா?”

சொ. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். “கை இப்படி இருக்கே. எப்படிப் போடுறது?”

கடிபட்டது இடது கை. இவன் எழுதுவது வலது கை. தன் வயிற்றைக் காப்பாற்றக்கூட அந்தக் கை பேனாவைத் தொடாது!

அதோடு நிற்கவில்லை. என்னைக் காட்டி, “இவர் போடுவாரு. இவருக்கு நாய்னா உசுரு” என்றான்.

போட்டேன். ஏன் போட்டேன் என்று பிற்பாடு நானே குழம்பக் கூடாது, ஆகவே எழுதி வைக்கிறேன்: சொ. தினமும் என் வாசலில் வந்து நிற்க வேண்டும். வேறு காரணம் கிடையாது.

பெருவிரல் மை இல்லாமல் நான் போட்ட முதல் கையெழுத்து. வெ, ங், க, டா, ச, ல, ம். மாரிமுத்து குறுக்கே பேசாமல் காத்திருந்தார். முடிந்ததும், “நல்லா இருக்குங்க” என்றார். நாய் பிடிப்பவர் என்பதற்காக இந்தத் தெருவே வாய்க்கு வந்தபடி ஏசுகிற ஆள் அவர். நாங்கள் பார்த்ததிலேயே மனிதர் அவர் ஒருவர்தான்.

சனி, மார்ச் 15

புழுக்கம். சிப்பாயைப் பின்கட்டில், குழாய் பக்கம் கட்டியிருக்கிறேன். கழுத்தில் பட்டை, அதில் லைசென்ஸ் தகடு. நடந்தால் சலங்கை மாதிரிச் சத்தம். தாங்க முடியவில்லை.

சொ. விடியும்போதே வந்துவிடுகிறான். கடை திறக்குமுன் நாய் முகத்தில் விழிக்கிறான். சாமி படம் அடுத்தபடி.

“தண்ணி குடிச்சுச்சா பெரியவரே?”

“குடிச்சுச்சு.”

“எச்சி ஒழுகுதா?”

“உங்களுக்கா, அதுக்கா?”

கொண்டுவந்தது: பிஸ்கோத்து, ஆட்டெலும்பு, நேற்று ஒரு கிண்ணம் பால். பால் ராமையாவிடம் வாங்கியதாம். அவனும் பின்னாலேயே வந்து, “நம்ம சிப்பாய் இளைச்சுப் போச்சு” என்றான். நம்ம!

திங்கள், மார்ச் 17

தூறல். இன்று நாய் சாப்பிடவில்லை. சொ. எலும்பை நீட்டினான். முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

சொ. முகம் வெந்த கத்திரிக்காய். சட்டைக்குள் கையை விட்டு வயிற்றைத் தடவினான். “என்ன பெரியவரே, என்ன ஆச்சு?”

ஒரு மணி நேரம் முன்னால் ராமையா திருட்டுத்தனமாகத் தயிர்ச்சோறு ஒரு சட்டி வைத்துவிட்டுப் போயிருந்தான். நாயால் எழுந்து நிற்கவே முடியவில்லை. அது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சாயந்திரம்தான் சொன்னேன். அதுவரை சொ. எடை போட்டதெல்லாம் தப்பு. மிளகாய் கேட்டவருக்கு மல்லி கொடுத்தானாம்.

வருத்தம் இல்லை.

சனி, மார்ச் 22

நல்ல வெயில். மாரிமுத்து வந்து பார்த்தார். கண், வாய், நடை. “இதுக்கு ஒரு நோயும் இல்ல. கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான்.” சொ. கடை வாசலுக்கு ஓடிப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். நோட்டீஸ் ஒட்டிய அதே தூண். மாரிமுத்துவுக்கு ஒரு பிஸ்கோத்துகூடக் கொடுக்கவில்லை.

ஞாயிறு, மார்ச் 23

காற்று. வகுப்பில் நான்கு வரி பிழையில்லாமல் எழுதினேன்.

காலையில் சொ. வரவில்லை. எலும்பும் வரவில்லை. சிப்பாய் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அறிவு கெட்ட நாய்.

மாலையில் நானும் சிப்பாயும் கயிற்றோடு கடைப் பக்கம் நடந்தோம். கடை நிறைய ஆட்கள். சொ. இடது கையைக் கல்லாவுக்குக் கீழே ஒளித்துக்கொண்டு இளித்தான்.

“பெரியவரே, அரிசி மூட்டையெல்லாம் எலி. ராத்திரி அவுத்து விடுங்களேன். நம்ம சந்து நாய்தானே!”

நான் தூண் பக்கம் திரும்பினேன். தூணில் நோட்டீஸ் பாதி கிழிந்திருந்தது. மீதியை உரக்கப் படித்தேன், நிதானமாக, எல்லோரும் கேட்க. ‘உரிமையாளர்’ இந்தத் தடவை ஒரே மூச்சில் வந்தது. “அதாவது நான்” என்றும் சேர்த்துக்கொண்டேன். அது நோட்டீசில் இல்லை.

“அதனால கேக்குறேன். சிப்பாய் யார் நாய் முதலாளி?”

சொ. வாடிக்கைக்காரர்களைப் பார்த்தான். “உங்க நாய்” என்றான். நாயை அவிழ்த்துவிட வேண்டுமே; எலிக்குப் பயந்து பெருமையை விட்டான்.

“கேக்கலியே.”

“உங்க நாய்தான் பெரியவரே!”

திரும்பிப் பார்த்தால் என் நாய் அவன் வாசலில், பழைய இடத்தில், காலை நீட்டிப் படுத்திருக்கிறது. இழுத்தேன். எழவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று, கடை மூடும்வரை.

மை தீர்கிறது. ராமையா தான் மட்டும் தப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். வருகிற ஞாயிறு புதுப் புட்டி. முதல் பக்கம் அவனுக்கு.