சமதளத்தில் நிற்காத வண்டி

போடிநாயக்கனூர்
28.8.1986

அன்பு மகன் சுருளிவேலுக்கு அம்மா எழுதுவது.

ராசிங்காபுரத்தில் உன் அத்தை வீட்டு வாசலில் அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்தான். “கருத்தம்மா, உன் அண்ணனால் வண்டியை உதைத்துக் கிளப்ப முடியவில்லை” என்பதுதான் அது. இதைச் சொல்லியிருந்தால் போதும், நான் சொல்லவில்லை. அதனால் என்ன ஆனது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் உன் நலம் கேட்க வேண்டும். மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, போன மாதம் எழுதிய இருமல் நின்றதா? நாங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். மலையில் நல்ல மழை, ஏலக்காய் முதல் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. மனசுதான் சரியில்லை.

போன கார்த்திகையில் உன் அப்பா தோட்டத்து ஓடையில் வழுக்கி விழுந்ததை எழுதியிருந்தேன் அல்லவா, வலது முழங்காலில் வீக்கம் வடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றார், நானும் நம்பினேன். தை மாதத்தில்தான் கவனித்தேன். வண்டியை இறக்கத்தைப் பார்த்தபடியே நிறுத்துகிறார். நம் தெரு சரிவாக இருப்பது வசதியாகப் போயிற்று, காலையில் ஏறி உட்கார்ந்து உருட்டிவிட்டு கிளட்சை விடுவார், புல்லட் பிடித்துக்கொள்ளும். தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு மேலே உள்ள மேட்டில் நிறுத்துகிறார். பஜாருக்குப் போனால் பாலத்து மேட்டிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து கால் தாங்கித் தாங்கி நடக்கிறார். உதைக்கிற கட்டையில் அவர் கால் பட்டு மாதக்கணக்காகிறது. எனக்குத் தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

நீ சித்திரையில் எழுதிய கடிதத்தில், இப்போது நூறு சிசி வண்டிகள் வந்திருக்கின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கிளப்பிவிடும், அந்த யானையை விற்றுத் தொலைக்கச் சொல் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தார். “ஒன் மகனுக்கு மெட்டுக் காத்து மறந்து போச்சு” என்றார். அவர் சொல்லும் காரணங்கள் பொய்யில்லை. இந்த மாதத்தில் போடிமெட்டு வளைவுகளில் காற்று பக்கவாட்டில் அறையும்போது சின்ன வண்டிக்காரர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன், நம் வண்டி அதன் கனத்தாலேயே நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். நானும் ஒரு மூட்டை ஏலக்காயும் பின்னால் இருந்தாலும் வளைவில் எஞ்சின் கதறாது, அதே நிதானத்தில் தட்தட்டென்று போகும். ஆனால் காற்றில்லாத மாசியிலும் மூட்டையில்லாத நாளிலும் அவர் அதில்தானே போகிறார். சின்ன வண்டி வைத்திருக்கிற எதிர்வீட்டு ராக்கையா ஒருநாள் சொன்னது நினைவுக்கு வருகிறது. “பெரிய வண்டிக்காரன் மெதுவாப் போனா மரியாதைங்கிறான், நான் மெதுவாப் போனா வண்டி இழுக்கலையாண்ணேங்கிறான்” என்றான். எல்லோரும் சிரித்தோம், உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். கல்யாணமான புதிதில் உன் அப்பா தன் பெரியப்பாவின் ஜீப்பில்தான் மலைக்குப் போவார். ஜீப்பில் யார் ஏறினாலும், வீரையா கொஞ்சம் தள்ளி உட்காரு என்பார்கள். தள்ளித் தள்ளிக் கடைசியில் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார். தோட்டத்தில் அவர் பங்கு பிரிந்த வருஷம் வீட்டுக்கு ஓடு மாற்றவில்லை, எனக்கு ஒரு சேலை எடுக்கவில்லை, மூணாறு பக்கமிருந்து இந்தப் பழைய வண்டியைத்தான் வாங்கி வந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் தள்ளி உட்காரச் சொன்னதில்லை. எனக்கும் அதில் போகப் பிடிக்கும். அந்தச் சத்தத்தில் யாரும் நம்மிடம் எதுவும் கேட்க முடியாது, நாமும் பதில் சொல்ல வேண்டாம், படித்த புத்தகத்தை நினைத்துக்கொண்டே மலை ஏறிவிடலாம். அதனால்தானோ என்னவோ, விற்றுவிடுங்கள் என்று என் வாயிலும் வரவில்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். அத்தைக்கு இத்தனை வருஷம் கழித்துப் பிறந்த குழந்தைக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அதற்கு முன்னால் தாய்மாமன் வெற்றிலை பாக்குடன் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து நாள் சொல்லவேண்டியது நம் வழக்கம். உன் அப்பா இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். ராசிங்காபுரம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், எந்தத் தெருவிலும் ஒரு சாண் ஏற்றம் கிடையாது. பஸ்ஸில் போகலாமே என்றேன். “பஸ்சுல எறங்குனா வண்டி எங்கன்னு கண்ணுச்சாமி மாப்ளே ஊரக் கூட்டிருவாரு” என்றார். அத்தையிடமிருந்து வருத்தமாக ஆள் வந்தபிறகு, ஆவணி பிறந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார். அத்தை வீட்டு வாசலில் நான் வெற்றிலைத் தட்டோடு இறங்கினேன். அவர் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணுச்சாமி மாமா ஓடி வந்து, “வண்டிய அமத்திட்டு எறங்கி வாங்க மச்சான், காப்பி போட்டாச்சு” என்றார். இவர், “இருக்கட்டும் மாப்ளே, மலையில சோலி கெடக்கு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழம வச்சுக்கங்க” என்றார். அத்தை குழந்தையை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். “வட்டிக்காரன்கூட எறங்கி நின்னுதானண்ணே பேசுவான், ஓங் காலு எங்க வாசல்ல பட்டா தேஞ்சா போகும்? வண்டி பெருசானா மனுசனும் பெருசாயிருவானோ?” என்று கேட்டு, நான் நீட்டிய தட்டை என் கைக்கே தள்ளிவிட்டாள். மாமா என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய முதுகு என் கண்முன்னால் விறைத்திருந்தது, நான் பேசாமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

நாலைந்து நாளில் செய்தி வந்தது, மாமாவின் பங்காளி சுடலை மடியில் வைத்துக் காது குத்தப் போகிறார்களாம். இவர் கேட்டுவிட்டு, சோற்றைப் பிசைந்தபடியே வெகுநேரம் இருந்தார், சாப்பிடவில்லை. கூடப் பிறந்தவள் ஒருத்திதான் அவருக்கு. மறுநாள் அவர் மலைக்குப் போனதும் நான் பஸ் ஏறினேன், அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, “ஏ மதினி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?” என்று திட்டிவிட்டு அழுதாள். அண்ணனிடம் காட்டிக்கொள்ளாதே, கோபம் தீர்ந்தது என்று மட்டும் வந்து சொல் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். சரி என்றாள். ஆனால் அன்று சாயங்காலமே மாமாவோடு வந்தவள், தெருவில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த உன் அப்பாவைப் பார்த்ததும் ஓடிப்போய் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். குழாயடியில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். மாமா நல்ல மனசோடுதான், எல்லோருக்கும் கேட்கும்படி, “இம்புட்டுத்தானா மச்சான்? ஒரு வார்த்த சொன்னா நான் வந்து தெனமும் ஒதச்சுக் குடுத்துட்டுப் போறேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார். உள்ளே வந்து உட்கார்ந்து நாள் சொன்னார், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார், அவர்களோடு சாப்பிட்டார். அவர்கள் போன பிறகு என்னிடம் கேட்டது ஒன்றுதான், ஒனக்கு எப்பருந்து தெரியும் என்றார். தை மாதத்திலிருந்து என்றேன். அதற்குப் பிறகு சாப்பாடு, தண்ணீர், சாவி என்பதற்கு மேல் என்னிடம் பேச்சில்லை. தங்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நான் நினைத்திருந்தேன். இத்தனை மாதமும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளே என்று அவர் நினைக்கிறார் போலும். இரண்டில் எது பெரிது என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போகிறது, நூலகத்தில் எடுத்து வந்த புத்தகமும் பத்துப் பக்கத்தில் நிற்கிறது.

நீ ஒரு உதவி செய். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. காலைப் பற்றியோ வண்டியைப் பற்றியோ ஒரு எழுத்தும் வேண்டாம், நீ வேலை பார்க்கும் மெஷின்களைப் பற்றி எழுது, அவரிடம் ஏதாவது சந்தேகம் கேள். சின்ன வண்டிக்குப் பதிவு செய்கிறேன் என்று கிளம்பிவிடாதே. இருமல் நிற்காவிட்டால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் குடிக்காமல் டாக்டரிடம் காட்டு. அத்தைக்கு ஒரு கார்டு போட மறக்காதே, உன் பேரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சுருளி வேலப்பர் துணையில் நீ நோய்நொடி அண்டாமல், செய்யும் வேலையில் நல்ல பேரெடுத்து, மனசுக்குப் பிடித்தபடி வாழவேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ராமுத்தாய்

பின்குறிப்பு: தபாலில் போடாமல் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காது குத்து நல்லபடியாக முடிந்தது, உன் அப்பா மடியில்தான் குத்தினார்கள். பஸ்ஸில் போய் பஸ்ஸிலேயே வந்தோம். இன்று காலை வண்டியை வாங்கிக்கொள்ளத் தேவாரத்திலிருந்து ஒருவர் வந்தார், அவரை வரச்சொல்லியிருந்ததே எனக்குத் தெரியாது. உன் அப்பா சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டார். வந்தவர் உதைத்த முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது.