வலது அம்புக்குறியில் ஒரு சொல்

காலையில் உன் மனைவி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே நம் கேம் கன்ட்ரோலர். பொத்தான்களில் உனக்குத் தேய்த்த தைலத்தின் வாசம் இன்னும் போகவில்லை.

பக்கவாதம் உன் பேச்சையும் வலது கையையும் எடுத்துக்கொண்டபோது, ஓசூர் கம்பெனியில் ஒரே லைனில் நின்று நாளெல்லாம் உன் வாய்ப்பேச்சைக் கேட்டே பழகிய எனக்குக் கிறுக்குப் பிடித்தாற்போல் ஆகிவிட்டது. என் மகள் ஓரங்கட்டியிருந்த இந்தக் கன்ட்ரோலரைப் பார்த்ததும்தான் தோன்றியது. நான்கு அம்புக்குறிகளும் இடது கட்டைவிரலுக்கு அடியில்தானே இருக்கின்றன? என் பழைய கம்ப்யூட்டரை உன் வீட்டில் வைத்து இதைச் செருகி, அம்புக்கு ஒரு சொல் வைத்தேன். அமுக்கினால் கம்ப்யூட்டர் அதைத் தமிழில் வாசிக்கும். மேலே தண்ணி, கீழே படுக்கணும், இடது ஃபேன்.

வலதுக்கு என்ன என்று கேட்டேன். தட்டின்மேல் கையை விரித்துக் காட்டினாய். ‘போதும்’ என்பதற்கு நீ கேன்டீனில் தினமும் சொன்ன உன் வீட்டுக் கன்னடச் சொல். நம் ‘சாக்கு’க்கும், சாகச்சொல்கிற ‘சாகு’வுக்கும் நடுவே நிற்கிற ஓசை. தமிழில் அதை எப்படி அடிப்பது? ‘க்’ போட்டால் கம்ப்யூட்டர் கோணிப்பையைச் சொன்னது. எடுத்துவிட்டேன். ‘சாகு’ என்றது, கணீரென்று.

இன்னொரு களி உருண்டையோடு வந்த உன் மனைவி அப்படியே நின்றுவிட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாற்றிவிடுகிறேன் என்றதற்கு நீ கன்ட்ரோலரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை புது யோசனையோடு வந்தேன். “இந்தக் கன்ட்ரோலர் குச்சிய ஆட்டினா எழுத்தெழுத்தா அடிக்கலாம்டா. பண்ணட்டுமா?” என்றேன். என்னையே பார்த்துவிட்டு வலதை அமுக்கினாய். ‘சாகு.’ வழக்கம்போல் சிரித்தேன். புதன்கிழமை நீ போய்விட்டாய்.

ஐந்து மாதமாக இதுதான் என்னை அரித்தது. போதும் என்றாயா, சாகவேண்டும் என்றாயா? கேட்காமல் சிரித்துத் தொலைத்தேனே.

இன்று உன் மனைவியிடம் கேட்டேவிட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

“அந்த பட்டனா? நீங்க வந்தா மட்டுந்தான் அமுக்குவாருண்ணா. எங்கிட்ட கையத்தான் ஆட்டுவாரு.”

அடப்பாவி. என்னைச் சிரிக்கவைக்கவா அந்தப் பொத்தானை வைத்திருந்தாய்?

அவர் போனதும், முன்பே திருப்பித் தந்திருந்த பழைய கம்ப்யூட்டரில் செருகி அமுக்கிப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும்தான். இதை வைத்துப் பொம்மைக் கார் ஓட்டவேண்டும் என்கிறாள் மகள். மூன்று அம்புகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அப்போ கார் வலப்பக்கம் திரும்பாதே என்கிறாள். திரும்பாவிட்டால் பரவாயில்லை.