மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்காக

மார்ச் 9, திங்கள் இரவு

இருபத்திரண்டு வருடம் மஸ்கட்டைத் தனியொருவனாகத் தாங்கிப் பிடித்த நான், பெங்களூர் லிங்கராஜபுரத்தில் தம்பி வீட்டுக்கு நிரந்தரமாக வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்று சாயங்காலம் ஜெபமாலையின் முடிவில் தம்பி கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, மஸ்கட்டுல இருக்கிற எங்க அண்ணனை அங்கேயே நல்லபடியா வச்சுக் காப்பாத்தும்" என்றான். அந்த அண்ணனான நான், அவனை முழங்கையால் இடிக்கும் தூரத்தில் முழந்தாளிட்டிருந்தேன்.

ஜெபம் முடிந்ததும் கேட்டேன். "டேய், நான் இங்கதானடா இருக்கேன்?"

அவன் மனைவி ஸ்டெல்லா சிரித்தாள். "வருஷக்கணக்கா சொன்ன ஜெபம் மாமா, அவரு வாய் தானா சொல்லுது."

தானாகவா? 'அங்கேயே' என்று அவன் கொடுத்த அழுத்தத்தில் பெங்களூர் முழுக்கக் கரண்ட் போயிருக்க வேண்டும். நான் படுக்கும் அறை அவர்கள் மகளுடையது. அவள் இப்போது ஹாலில் உட்கார்ந்து படிக்கிறாள். யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நாளை ஜெபத்தில் கண்ணை மூடப்போவதில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்க்கப்போகிறேன்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன். அவன் அந்த வரியை முடித்ததும், எல்லோரையும் முந்திக்கொண்டு, ஏழு தெருவுக்குக் கேட்கிற மாதிரி "ஆமென்" சொன்னது நான்தான்.