விதைத்த நிலத்தில் மண் எடுக்க வேண்டாம்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்,
புல எண் 114-இன் உரிமையாளருக்கு அண்ணன்,
அந்நிலத்தின் ஆய்வுப் படிவத்தில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர்.

பெறுநர்:
நில அலுவலர் அவர்கள்,
வட்ட நில அலுவலகம்.

பொருள்: மானாவாரி நிலம் – விதைத்து மழைக்குக் காத்திருக்கும் மூன்றரை ஏக்கர் – பயிரிடாத நிலம் எனத் தவறாகப் பதிவானது – நாளை காலை ஏழு மணிக்கு அங்கே மண் எடுக்கத் தொடங்குவதை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இம்மாதம் 7ஆம் நாளிட்ட கள ஆய்வுப் படிவம்.
2. இம்மாதம் 14ஆம் நாளிட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பணி ஓய்வு பெற்ற வாரத்தில் என் தங்கை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏண்ணே, நீ பாடம் நடத்தி முடிச்சதும் அது பிள்ளைங்க மண்டையில ஏறிடுச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" அன்றைக்கே கண்டுபிடிக்க முடியாது, பரீட்சை வரும்வரை பொறுக்க வேண்டும் என்றேன். "அதுவரைக்கும் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான் முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப உன் வேலையும் என் வேலையும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வேடிக்கைப் பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன். அவருடைய வேலை எப்படிப்பட்டது என்பதைத் தங்களுக்கு விளக்க இதைவிடச் சுருக்கமான வழி இன்று எனக்குத் தெரியவில்லை.

2. புல எண் 114 என் தங்கையின் நிலம். கறுப்பு மண். கிணறு இல்லை, வாய்க்கால் இல்லை. வானத்திலிருந்து விழுவதைத் தவிர வேறு தண்ணீர் அந்த மண்ணுக்குக் கிடையாது. ஒரு பருவத்தில் நல்ல மழை என்று சொல்லத்தக்கது மூன்று அல்லது நான்கு முறைதான் பெய்யும். அதில் முதல் மழையைத் தவறவிட்டால் ஆண்டில் கால்வாசி போனது போலத்தான்.

3. இங்கேதான் ஒரு சிக்கல். கறுப்பு மண் நனைந்துவிட்டால் களிபோல ஒட்டும். மாட்டையும் இறக்க முடியாது, மனிதரும் செருப்போடு நடக்க முடியாது. மண் காய்ந்து ஏர் இறங்க எட்டு, பத்து நாள் ஆகிவிடும். அதற்குள் அந்த மழையின் ஈரம் மேலிருந்து வற்றத் தொடங்கிவிடும். ஆகவே இப்பகுதியில் மழைக்குப் பிறகு விதைப்பதில்லை. மழை வருவதற்கு முன்பே, புழுதியாக இருக்கும்போதே விதைத்துவிடுகிறார்கள். கடையில் பிஸ்கட் வாங்குவது போல மழையை வேண்டும்போது வாங்க முடியாது அல்லவா? வருகிற விருந்தாளிக்கு முன்கூட்டியே பாயை விரித்து வைப்பது போன்ற வேலை இது.

4. என் தங்கை இம்மாதம் 3, 4 ஆகிய இரு நாட்களில் விதைத்தார். சோளத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடியும் நிழலில் உலர்த்தி, ஏரின் பின்னால் கட்டிய குழாய் வழியாக வரிசையாக இறக்கினார். குழாயை எவ்வளவு தாழ்த்திக் கட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விதை மேலாகக் கிடந்தால், சும்மா தூறிவிட்டுப் போகிற மழைக்கே ஏமாந்து முளைத்து, அடுத்த வாரம் வெயிலில் கருகிவிடும். மிக ஆழமாகப் போனால் முளை மேலே வராது. உண்மையான மழை மட்டும் போய்த் தொடும் ஆழத்தில் விதை இருக்க வேண்டும். இரண்டு முறை குழாயை அவிழ்த்துக் கட்டியும் திருப்தி வராமல் மூன்றாம் முறையும் அவிழ்த்தார். ஏர் ஓட்ட வந்தவர், "அம்மா, நீங்க விதைக்கிறீங்களா, இல்ல பொண்ணுக்கு ஜாக்கெட் அளவெடுக்கிறீங்களா?" என்று கேட்டே விட்டார்.

5. விதைத்த பிறகு எறும்பும் பறவையும் கண்டுபிடிக்காமல் இருக்க, கனமான பலகையைக் கட்டி வயல் முழுவதும் இழுப்பார்கள். ஏர் போன தடம்கூடத் தெரியாது. பெருக்கி வைத்த முற்றம் மாதிரி ஆகிவிடும். தங்கள் கவனத்துக்கு நான் பணிவுடன் கொண்டுவர விரும்புவது இதைத்தான்: ஒருவர் எவ்வளவு நன்றாக விதைத்திருக்கிறாரோ, அவருடைய வயல் அவ்வளவு வெறுமையாகத் தெரியும்.

6. அப்படி இருந்த வயலுக்கு 7ஆம் நாள் நண்பகலில் தங்கள் கள ஆய்வாளர் வந்தார். தங்கை மருந்துக் கடைக்குப் போயிருந்ததால் நான் வரப்பில் இருந்தேன். அவர் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அன்று அது அவருக்குப் பதினாறாவது வயல். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்தார். கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார். விதைத்து நான்கு நாள் ஆகிறது என்று சொன்னேன். அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "சார், பாருங்க, இதுல ரெண்டே கட்டம்தான். பயிர் இருக்கு, பயிர் இல்லை. 'விதைச்சிருக்கு'ன்னு ஒரு கட்டத்தை நானா பேனால போட முடியும்? கீழ குறிப்புல எழுதிடறேன். நான் வந்து போனதுக்கு நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். நான் போட்டேன்.

7. படிவத்தில் 'பயிர் இல்லை' என்ற கட்டத்தில் குறி இருக்கிறது. குறிப்புப் பகுதி வெறுமையாக இருக்கிறது. கீழே என் கையெழுத்து இருக்கிறது. என் மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்ததும், வெயில் அடித்ததும் காரணங்கள் ஆகா. முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பில் நின்று, வினாத்தாளை இரண்டு முறை படித்த பிறகே பேனாவைத் திற என்று சொன்னவன் நான். படிவத்தின் நகலைத் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. "ஊருப் பிள்ளைங்களுக்கெல்லாம் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னியே அண்ணே. உனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

8. ஒரு கட்டத்தில் போட்ட குறி இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் முந்தைய இரண்டு ஆண்டுகள். சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு விதைத்த பின் மழையே வரவில்லை. சென்ற ஆண்டு பொய் மழை ஒன்று வந்து, முளைத்ததெல்லாம் ஒன்பது நாளில் கருகிற்று. இரண்டு முறையும் ஆய்வு நடந்த நாளில் வயலில் எதுவும் இல்லை. எனவே பதிவேட்டின்படி புல எண் 114 மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பயிரிடாத நிலம். உண்மையின்படி மூன்று ஆண்டுகளும் விதைத்த நிலம். அஞ்சல் பெட்டியில் போட்ட கடிதம் போய்ச் சேராமல் தொலைந்தால், அதை எழுதவே இல்லை என்று யாராவது சொல்வார்களா? தங்கள் 14ஆம் நாள் அறிவிப்பு அப்படித்தான் சொல்லியிருக்கிறது. மூன்று ஆண்டு தொடர்ந்து பயிரிடாத நிலத்தில் பொது வேலைக்கு மண் எடுக்கலாம் என்ற விதிப்படி, ஏரிக்கரையை உயர்த்துவதற்கு அங்கிருந்து முழங்கால் ஆழம் மண் எடுக்கப்படும் என்கிறது. கரையை உயர்த்த வேண்டியது அவசியம். அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. ஆனால் முழங்கால் ஆழத்தோடு விதை போய்விடும். கீழே இருப்பது சுண்ணாம்புக் கல் கலந்த வெள்ளை மண். அதில் என் தங்கை உயிரோடு இருக்கும்வரை சோளம் விளையாது.

9. வேறு விதை போட்டுக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு ஆண்டு வறட்சிக்குப் பின் வீட்டுப் பானையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு விதைப்புக்கான சோளம். சமைக்கக்கூட எடுக்காமல் வைத்திருந்தார். அது முழுவதும் இப்போது மண்ணுக்குள் இருக்கிறது. பானையைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

10. நேற்று, செவ்வாய்க்கிழமை, மண் அள்ளும் இயந்திரம் வந்தது. ஓட்டுநர் பாதை தெரியாமல் வயலின் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு அடி உள்ளே ஏற்றிவிட்டார். தங்கை ஓடிப்போய் இரண்டு கைகளையும் விரித்து முன்னால் நின்றார். ஓட்டுநர் பதறிப்போய் இறங்கினார். "அக்கா, சத்தியமா தெரியாதுக்கா. வெறும் மண்ணுன்னுதான் நினைச்சேன்" என்றார். "நீ நினைச்சதோட நிறுத்திட்ட தம்பி. எங்க அண்ணன் கையெழுத்தே போட்டுட்டாரு" என்றார் தங்கை. ஓட்டுநர் இயந்திரத்தைப் பின்னால் எடுத்து வரப்புக்கு வெளியே நிறுத்தினார். சங்கிலிச் சக்கரம் அழுத்திய இரண்டு தடங்களையும் தங்கை களைக்கொத்தின் முனையால், விதை நகராதபடி, கீறிக் கீறி இளக்கினார். பொழுது சாயும்வரை அந்த வேலை. ஓட்டுநர் தம் சாப்பாட்டில் பாதியைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தார். தங்கை திரும்பிப் பார்க்கவில்லை.

11. அந்த ஓட்டுநர் நேற்று சொன்ன ஒரு செய்திதான் இந்த மனுவை இவ்வளவு அவசரமாக எழுத வைத்தது. "சார், நாளை மறுநாள் ராத்திரி மழைன்னு சொல்றாங்க. மழை விழுந்துட்டா இந்த மண்ணுல என் வண்டி இறங்காது. பத்து நாள் சும்மா நிக்கணும். அதனாலதான் வியாழக்கிழமை ஏழு மணிக்கே ஆரம்பின்னு போன் மேல போன். நான் கூலிக்காரன் சார். மேல இருந்து ஒரு வார்த்தை வந்தா சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்குவேன்" என்றார். அதாவது, எந்த மழைக்காக என் தங்கை மூன்று ஆண்டுகளாகக் காத்திருக்கிறாரோ, அந்த மழை வருகிறது என்பதற்காகவே இயந்திரம் அதை முந்தப் பார்க்கிறது. மேற்கே மேகம் கட்டியிருக்கிறது. இதை எழுதும்போதும் இங்கிருந்தே தெரிகிறது.

12. இன்று காலை ஒன்பது மணிக்குத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முன் மேசையில் இருக்கும் எழுத்தர் பொறுமையாகவே கேட்டார். "பதிவேட்டுல ஏறினதை மனு இல்லாம யாரும் தொட முடியாது, ஐயா. எழுதிக் குடுங்க. பதினஞ்சு வேலை நாள்ல பதில் வரும்" என்றார். நாளை காலை ஏழு மணி என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, தாங்கள் வெளி ஆய்வு முடிந்து நான்கு மணிக்குக் கையெழுத்திட வருவீர்கள் என்றும், இன்றைய கோப்பில் மேலாக வைப்பதாகவும் சொல்லி, தம் மேசையிலிருந்தே காகிதம் எடுத்துக் கொடுத்தார். விதியில் அதற்கும் கட்டம் இருக்காது என்று நினைக்கிறேன். அவருக்கு என் நன்றி. தங்கை வரவில்லை. வயலை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.

13. எனவே தங்களைக் கேட்டுக்கொள்வன:
(அ) தாங்கள் நேரில் பார்க்கும்வரை புல எண் 114-இல் மண் எடுப்பதை நிறுத்தும்படி இன்றே ஓட்டுநருக்குச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.
(ஆ) 7ஆம் நாள் படிவத்தில் உள்ள என் சாட்சிக் கையெழுத்தை நான் திரும்பப் பெறுகிறேன். அதற்காக என்னிடம் விளக்கம் கேட்டு எந்த அறிவிப்பு வந்தாலும் பதில் சொல்வேன். அந்தத் தவற்றின் பலன் என் மேல் விழட்டும், என் தங்கையின் நிலத்தின் மேல் விழ வேண்டாம்.
(இ) இனி அச்சிடும் படிவங்களில் 'விதைத்து மழைக்குக் காத்திருக்கிறது' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்க்க மேலிடத்துக்கு எழுத வேண்டும். இவ்வட்டத்தில் இன்று அந்தக் கட்டத்தில் வர வேண்டிய வயல்கள் இன்னும் எத்தனை என்று எனக்குத் தெரியாது. தங்களுக்கும் தெரிய வழியில்லை.

14. நான் எழுதியதை நம்ப வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை இந்த நிலத்தைப் பற்றித் தவறான தாளில் கையெழுத்திட்டவன் நான். படத்தையும் நம்ப வேண்டாம். தாங்கள் வீடு திரும்பும் வழியில் நான்காவது பாலத்தை அடுத்து, மஞ்சள் இயந்திரம் நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். வயலுக்குள் எந்த இடத்தில் வேண்டுமானாலும், தாங்களே தேர்ந்தெடுத்து, குந்தி உட்காருங்கள். ஒரு சாண் அகலத்துக்கு மண்ணை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள்.

பணிவுடன்,
(கையொப்பம்)
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்

இடம்: வட்ட நில அலுவலகம், வராந்தா பெஞ்சு
நாள்: 19, புதன்கிழமை, முற்பகல் 11.40